பின்னால் போன ராஜ்தூத்

என் தங்கச்சி கருப்பம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் நின்றது. அவள் வீட்டுக்காரன் சங்கிலிமுத்துவின் வண்டி. நாரணாபுரத்துப் பக்கம் அவன் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்குள் பெட்ரோல் வண்டியை விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். கம்பெனி வெடித்த அன்று வேப்பமரம் போயிற்று, கேட்டில் பாதி போயிற்று, சங்கிலிமுத்துவும் போனான். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. நானும் என் மச்சினன் மொக்கைச்சாமியும் அதை ஆமத்தூர் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்து கொட்டகையில் விட்டோம்.

கருகிக் கிடந்தவர்களில் யார் யார் என்று பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சங்கிலிமுத்து உள்ளேதான் இருந்தான் என்று ஊரில் ஒரு கட்சி. இல்லை, வண்டியை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்ததைக் கண்ணால் கண்டோம் என்று இன்னொரு கட்சி. அதே வாரம் பாலம்மாள் என்று கம்பெனியில் திரி உருட்டுகிற பொம்பளை ஒருத்தி ஊரை விட்டுப் போனது இரண்டாவது கட்சிக்கு வசதியாகப் போயிற்று. கருப்பம்மாள் அழவும் இல்லை, தாலியைக் கழற்றவும் இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அவள் மகள் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அழகுராஜா, விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ராஜ்தூத்தை ஓட வைத்துக் கொடுத்தால் தாலி கட்ட அதில்தான் வருவேன் என்று மட்டும் சொன்னான். தாய்மாமன் என்று ஒருத்தன் இருக்கும்போது அந்த வேலை யார் தலையில் விழும்?

இதற்கிடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சிவகாசி அச்சகத்திலிருந்து போன் வந்தது.

“பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால தெய்வத்திரு போடணுமாம்மா, வேண்டாமா? அது ஒண்ணுதான் பாக்கி. சொன்னீகன்னா மிஷின்ல ஏத்திருவேன்.”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள் கருப்பம்மாள். அந்த நாளை வந்துகொண்டே இருந்தது. அச்சகத்துக்காரனும் தினம் போன் செய்துகொண்டே இருந்தான்.

வெடித்த கம்பெனி வாசலில் நின்ற வண்டி என்பதால் எந்த மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை. வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து நாங்களே பிரித்தோம். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சைலன்சரை விறகுத் தீயில் போட்டுச் சுட்டுத் தட்டினால் ஒரு கூடை கரி விழுந்தது. துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டோம். கேஸ்கட்டுக்குப் பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டி வைத்தோம். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினோம். மிச்சம் டைமிங் மட்டும்தான், அதாவது பிஸ்டன் எந்த இடத்துக்கு வரும்போது பிளக்கில் நெருப்பு விழ வேண்டும் என்கிற கணக்கு. அதை மொக்கைச்சாமி கையில் எடுத்துக்கொண்டான். அவன் வெடிக்குத் திரி வைப்பதிலேயே நரைத்தவன்.

“மச்சான், இதுல நெருப்பு ரொம்பத் தாமதிச்சு விழுகுது. திரியப் பத்த வச்சா ஆளு விலகி நிக்க நேரம் வேணாமா? நல்லா முன்கூட்டியே பத்தணும்.”

“ஏலே, இது அணுகுண்டு இல்லலே, இஞ்சின்.”

“மருந்துன்னா எல்லாம் மருந்துதான். நீங்க சும்மா இருங்க.”

நான் சும்மா இருந்தேன். அவன் பாயிண்டைத் திருகி நெருப்பை முன்னால் தள்ளி வைத்தான். வண்டியைத் திருப்பி, தெருவுக்கு முதுகு காட்டி நிறுத்தி, நான் ஏறி உட்கார்ந்து கிக்கரை மிதித்தேன். கிக்கர் என் காலைத் திருப்பி மிதித்தது. மறு மிதியில் இஞ்சின் பிடித்தது. ஆனால் சத்தம் சரியில்லை. மூச்சை வெளியே விடாமல் உள்ளேயே இழுத்துக்கொண்டிருப்பவன் மாதிரி ஒரு சத்தம். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது.

நெருப்பு முந்தி விழுந்தால் இந்த மாதிரி இஞ்சின் தலைகீழாகச் சுற்றும் என்று பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. முற்றம் போயிற்று, வாசல் போயிற்று, தெரு போயிற்று. கருப்பம்மாள் கையில் முறத்தோடு சின்னதாகிக்கொண்டே போனாள். சாவியைத் திருப்பினேன், ஓடியது. பெட்ரோலை அடைத்தேன், ஓடியது. பிரேக்கை மிதித்தேன். முன்னால் போகிற வண்டியை நிறுத்தத்தான் அதற்குப் பழக்கம். குதித்திருக்கலாம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பேரும் இருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டி வருமே என்று குதிக்கவில்லை.

ஹேண்டில் என் கைக்குள் தானாகத் திரும்பியது. வளைவு வருவது எனக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரிந்தது. மத்தியான வெயிலில் ரோடு என் கண்ணுக்கு முன்னால் நீளமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. சைலன்சரிலிருந்து புகையே வரவில்லை. காற்றில் கிடந்த புகையெல்லாம் நூல் மாதிரித் திரண்டு சைலன்சருக்குள் போனது. திருத்தங்கல் ரயில்வே கேட் எனக்காகவே திறந்து வைத்த மாதிரித் திறந்து கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அங்கேதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஒரு கிழவன் பின்பக்கமாக வண்டி ஓட்டிக்கொண்டு போனால் சிரிக்காமல் விடுகிற ஊர் இல்லை அது.

வண்டி போய் நின்ற இடம் பழைய கம்பெனி வாசல். நாங்கள் தள்ளிக்கொண்டு வந்த வழியிலேயே அது திரும்பிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. என் முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு கேட்டைப் பார்த்து. சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரு காக்கா இல்லை. இஞ்சின் மட்டும் மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணாடியில் பார்த்தேன். பாதி கேட் தெரிந்தது. அதற்கு உள்ளே, இடிந்த ஷெட்டுப் பக்கமிருந்து, புழுதியில் கால்தடம் ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஆள் இல்லை, தடம் மட்டும். தடத்தின் விரல்கள் ஷெட்டைப் பார்த்து இருந்தன. தடமோ என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. உள்ளே போன ஒருத்தன், போன நடையை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி. கேட்டைத் தாண்டியது. வெடிமருந்து வாடை அடித்தது. பின் சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கியது.

“ஏலே சங்கிலி” என்றேன். “உள்ளதான் இருந்தியா?”

உயிரோடு இருந்தபோதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவன் இல்லை அவன். அவன் ஓட்டி வந்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அதற்காகவும் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி தானாக வட்டம் அடித்துக் கேட்டைப் பார்த்துத் திரும்பியது. அப்படியே பின்பக்கமாகவே வீட்டுக்குக் கிளம்பியது. கடைசியாக அவன் வேலைக்கு வந்த வழி முழுவதும் எனக்கு முன்னால் விரிந்து விரிந்து தூரமாய்ப் போனது. என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். மூச்சு இல்லை. அதுதான் விஷயம்.

முற்றத்துக்குள் வந்ததும் இஞ்சின் அணைந்தது. நான் இறங்கினேன். முன்பக்கம் லேசாக எழும்பியது, பின்பக்கம் எழும்பவில்லை. மொக்கைச்சாமி ஸ்டாண்டைப் போடக் கேரியரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

“என்ன மச்சான், கல்லு கணக்கா இருக்கு?”

கருப்பம்மாள் பின் சீட்டையே பார்த்தபடி கிட்டே வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

“எங்கன இருந்து ஏறுனாரு?”

“கேட்டுக்கு உள்ள இருந்து, தாயி.”

“பஸ் ஸ்டாப்புப் பக்கம் இருந்து இல்லையே?”

“இல்ல. ஷெட்டுல இருந்து.”

“நல்லாப் பாத்தியாண்ணே? யோசிச்சுச் சொல்லு.”

“தடத்தப் பாத்தேன். வேலைக்குப் போன தடம்தான்.”

அவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள். அத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்த அழுகை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. “ஊரு என்னென்ன சொல்லுச்சு உன்னய” என்று பின் சீட்டைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்தி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏடி பானு, அச்சகத்துக்குப் போன் போடு. அப்பா பேருக்கு முன்னால தெய்வத்திரு போடச் சொல்லு. நல்லாப் பெரிய எழுத்துல.”

மொக்கைச்சாமி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இஞ்சின் பக்கத்தில் குந்தினான். “எங்க தப்புன்னு இப்பப் புரிஞ்சுபோச்சுக்கா. டைமிங்கத் திருப்பி வச்சிட்டேன்னா ஒழுங்கா முன்னால போகும்.”

“முன்னால போனா எங்க போகும்?”

மொக்கைச்சாமி கம்பெனி இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்த மனுசன் திரும்ப வேலைக்கா போகணும்? வைடா அதக் கீழ.”

பிளக் கொதித்துக் கிடந்தது. அவள் கையில் முந்தானையைச் சுற்றி, சாக்கின் மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்து, தானே பிளக்கைக் கழற்றினாள். கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள். சாயங்காலம் தாலிக்கயிறும் கழுத்தில் இல்லை.

மறுநாள் அழகுராஜா வண்டியைப் பார்க்க வந்தான். துடைத்த டேங்க் வெயிலில் மின்னியது. அவனுக்கு வாயெல்லாம் பல்.

“அத்தை, ஒரு ரவுண்டு போயிட்டு வந்திரவா?”

“இல்ல மாப்ள, அதுல ஆள் இருக்கு.”

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் போய்ப் பின் சீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தான். அதற்கு மேல் அமுங்க அதில் இடம் இல்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கு வேனில் வந்தான்.