அசல்தானா என்று பார்த்தவர்

பச்சையக்கா கடைசியாக ஒருமுறை ஈரத்துணியால் மேசையைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். மாலகைட் கல்லுக்குப் புளிப்பும் ஆகாது, சூடும் ஆகாது. பார்க்கத்தான் பாறை, குணத்தில் கைக்குழந்தை. பச்சைக்குள் பச்சையாக வளையம் ஓடும் அந்தக் கல்லைக் காய வைத்து அறுத்தால், கிளம்புகிற தூள் நெஞ்சுக்கு நஞ்சு. அதனால் ஐந்து மாதம் தண்ணீர் சொட்டச் சொட்ட அறுத்து, நகக்கனத்துக்குத் தகடாக்கி, வளையத்தோடு வளையம் சேர்த்து மேசைமேல் ஒட்டியிருந்தாள். அவள் விரல் ரேகையிலெல்லாம் பச்சை ஏறியிருந்தது. பட்டறையில் வைத்த பெயரும் அதனால் வந்ததுதான்.

இந்த மேசை நல்லபடியாகப் போய்விட்டால் இனி அவளுக்கு மேசை வேலை மட்டும்தான், சாவிக்கொத்தில் கோர்க்கிற கல்மணி உருட்ட வேண்டாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பதினோரு வருஷம் மணி உருட்டியவளுக்கு அது சின்ன விஷயமா?

வாங்க வந்தவர் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றினார். தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து, அவள் ஐயோ என்பதற்குள், நட்டநடுவில் ஒரு சொட்டு அமிலம் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

“அசல்தான்!” அவருக்கு வாயெல்லாம் பல். “போலின்னா நுரைக்காது. படிச்சிட்டுத்தான் வந்தேன்.”

அக்கா பாய்ந்து துடைத்தாள். ஒரு காசு அளவுக்கு மேசை வெளுத்து, மங்கிக் கிடந்தது.

“வெட்டின துண்டு கூடை நிறையக் கெடக்கே! கேட்டிருந்தா அள்ளிக் குடுத்திருப்பேனே! இதுலயா விடுவீங்க?”

“துண்டு அசலா இருந்தா மேசையும் அசலாயிடுமா?”

“அக்கா, சத்தம் போடாதீங்க. தேச்சா போயிடும்,” என்றார் முதலாளி.

“எங்க போகும்? அங்க மட்டும் தேச்சா குழி விழும். முழுசும் தேச்சா வளையத்தோட வளையம் சேராமப் போயிடும். தெரியாத மாதிரி பேசாதீங்க.”

வாங்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “புள்ளி இருக்கறது எனக்கு வேணாம். இதே மாதிரி வேற ஒண்ணு செஞ்சு வைங்க.”

“அதுலயும் சொட்டு விடுவீங்களா?”

“விடாம எப்படிம்மா நம்பறது?”

முதலாளி அதற்கும் தலையாட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொட்டு விட்டது அந்தாளின் புத்தி, சரி. இவருக்கு என்ன வந்தது? கல் வந்து இறங்கிய நாளிலிருந்து கூடவே நின்று பார்த்தவர்தானே?

“கல்லு வரட்டும்க்கா, பாத்துக்கலாம். அதுவரைக்கும் மணி வேலையைப் பாருங்க.”

அவள் துணியை வீசி எறிந்தாள். மூலையில் கிடந்த முக்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து மேசையருகே போட்டு, வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டாள். பட்டறையில் கல்லறுக்கிற இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“எந்திரிங்கக்கா.”

“இது விக்கறதுக்கு இல்ல.”

“என்ன பேசறீங்க? எந்திரிங்க!”

அவள் நிமிரவில்லை. மெருகேறிய பச்சைக்குள் இரண்டு பேரும் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. வாங்க வந்தவரின் கழுத்துக்குமேல் அமிலம் விட்ட அந்த மங்கல்தான் இருந்தது, முகம் இல்லை.