இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டவர்

பீரோக் கதவு சத்தமே போடாமல் திறந்துகொண்டது. லிஃப்ட் மெக்கானிக்கின் கை கதவிலேயே நின்றுவிட்டது. மனைவிக்குக் கடைசியாக உடுத்த நல்ல துணி எடுக்க வந்தவர், வந்த வேலையை மறந்து கீலையே பார்த்துக்கொண்டு நின்றார். விடிகாலையில் அவர் விட்ட எண்ணெய் அதில் இன்னும் பளபளத்தது.

பதினோரு வருஷமாக அந்தக் கீலை அவள் அவரைத் தொடவிட்டதில்லை. காதால் மட்டும் கேட்கிற ஒரு தொடர் நாடகத்துக்குச் சத்தங்கள் செய்து கொடுப்பது அவள் வேலை. கதையில் நான்கு பேர் ஓர் இயந்திரத்தில் ஏறிக் காலத்துக்குள் போவார்கள். பிடியை இழுத்தால், நடந்துபோன ஒன்று நடக்காததாகிவிடும். அந்த இயந்திரத்தின் அலறல் வேறெதுவும் இல்லை, இந்தப் பீரோக் கதவுதான். உலகத்தையே புரட்டிப் போடுகிற இயந்திரத்துக்குள் அவருடைய சட்டைகளும் அவளுடைய மாத்திரைகளும் இருந்தன என்றால் யார் நம்புவார்கள்!

ஊரிலுள்ள லிஃப்டுகளின் கீச்சுச் சத்தத்தை அடக்கியே பிழைக்கிற மனிதருக்கு இது சாமானியச் சோதனையா?

"ஒரே ஒரு சொட்டு விடறேனே" என்று கெஞ்சுவார்.

"கைய வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்பாள்.

இன்று அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் கண்ணயர்ந்திருந்தாள். இரவெல்லாம் மூச்சுக்குத் தவித்தவள். மாத்திரை எடுக்கும்போது கதவு கத்தி எழுப்பிவிடக் கூடாதே என்றுதான் எண்ணெய் விட்டார். பத்து மணிக்கு அவள் போய்விட்டாள். கடைசிப் பகுதியில் இயந்திரத்தை ஒரேயடியாக மூடுகிற சத்தம் மட்டும் பாக்கி இருந்தது. "நாளைக்கு எடுத்துடறேன்" என்று நேற்றுதான் சொல்லியிருந்தாள்.

"அத்தான், துணி எடுத்தாச்சா? வண்டி வந்துடும்" என்று கூடத்திலிருந்து மச்சினி கூப்பிட்டாள்.

துணிக்குப் பதில் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார். நாடகத்தை இயக்குகிற பெண் வாசற்படியில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னண்ணா பண்றீங்க?"

"நான் பாவிம்மா. இதுக்கு எண்ணெ விட்டுட்டேன்." கதவைச் சாத்திக் காட்டினார். ஒரு முனகல்கூட இல்லை. "கழட்டித் தொடச்சு, மண்ணு தூவி மாட்டிடறேன். எப்படியும் கத்த வெச்சுடறேன். அவ கடசி வேலைய நானே கெடுத்துட்டேனே!"

எண்ணெய் பட்ட திருகாணியில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. அந்தப் பெண் அதை மெல்ல வாங்கி வைத்தாள்.

"அக்காவோட ரெக்கார்டர் எங்கண்ணா?"

தலையணைக்கு அடியில் இருந்தது, சார்ஜ் செத்துப்போய். சத்தத்தைப் பதிவு எடுத்தபின் அணைக்க மறப்பது அவர் மனைவியின் வழக்கம். வயரைச் செருகி, கடைசிப் பதிவை ஓட்டினார்கள்.

குளியலறைத் தண்ணீர் தூரத்தில் கேட்டது. பிறகு கதவு. நீளமாக, வலித்து வலித்து மூடியது.

"எடுத்துட்டாங்க! அக்கா எடுத்துட்டாங்கண்ணா!" அணைக்கப் போனாள்.

"நிறுத்தாத."

கட்டில் முனகியது. அவளுடைய கனத்த மூச்சு. வெகுநேரம் கழித்துக் காலடி, அவருடையதுதான். பிறகு எண்ணெய் டப்பாவின் டிக், டிக். காலடி வெளியே போனதும், அவள் குரல் வெகு பக்கத்தில், மூச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில் வந்தது: "பதினோரு வருஷமாச்சு, ஆச தீர்ந்துதா மனுஷா? போகட்டும். நான்தான் எடுத்துட்டேனே."

அவர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "தூங்கற மாதிரி நடிச்சிருக்காம்மா. திருட்டுக் கழுத."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கதவ மட்டும் வெச்சுக்கிட்டு, அந்த டிக் டிக்க வெட்டிடறேண்ணா."

"வேணாம். அதுவும் இருக்கட்டும்."

மச்சினி மறுபடி கூப்பிட்டாள். அவர் எழுந்து, மனைவிக்குப் பிடித்த நீலத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தும்போது கீலருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு கூடத்துக்குப் போனார்.