தைல விளம்பரத்துப் பெருமூச்சு

...அந்தப் பெருமூச்சைத்தானா போய்க் கொடுத்துத் தொலைக்க வேண்டும், வேறொன்று வாயில் வரவில்லையா அந்த நேரத்துக்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரில் வைத்து அழுத்தினாள். டிவியில் இடைவேளை விட இன்னும் நாலு நிமிஷம், விட்டதும் தலைவலித் தைல விளம்பரம் வரும், நெற்றியில் தடவியதும் ஒருத்தி ‘ஹா...’ என்பாள், ஆள் யாரோ, குரல் இவளுடையது, டப்பிங் பேசிப் பிழைக்கிறவளுக்கு அதில் என்ன என்றால், அந்த ‘ஹா’ பதினோரு வருஷமாகப் படுக்கையில் புருஷனுக்கு மட்டும் கொடுத்து வந்தது. ஏழு தடவை எடுத்தாயிற்று, மேடம் நிம்மதி பத்தல, இன்னும் நிம்மதி என்று இயக்குநர் உயிரை எடுக்க, எட்டாவது தடவை வாய் தானாகப் பழகின வழியில் போய்விட்டது, ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள், நாசமாய்ப் போக... இதோ சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், பொண்டாட்டி குரலைக் கேட்டே தீருவது என்று. கண்டுபிடித்துவிட்டால்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாளைக்குப் பக்கத்தில் படுப்பது?

எல்லாம் அவரால் வந்தது, இல்லை, பாவம், அவர் என்ன செய்வார், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிற மனுஷன், கல்யாணமான புதிதில் படுக்கையிலும் அதே குரலில், இது நல்லா இருக்கா, இப்ப, என்றால் சிரிப்பு வருமா வேறேதாவது வருமா? பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம், வாடவிட மனசு வரவில்லை, ஒரு ‘ஹா’ போட்டாள், அவ்வளவுதான், மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அன்றிலிருந்து அதே வழி, அதே திருப்பம், வழி தப்பு என்று இப்போது எப்படிச் சொல்வது, கைகாட்டி நட்டவளே இவள்தானே. மாமியார் வேஷங்களுக்குப் பேசுகிற அக்காவிடம் ஒருநாள் மெல்ல வாயைக் கிளறினால், அடி பைத்தியமே, காலைல எழுந்திரிக்க வேணாமா, நான் போடுறது சீக்கிரம் தூங்கறதுக்கு என்கிறாள். கதாநாயகிக்குப் பேசுகிறவளோ, எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு அவர் நினைச்சுடுவாரோன்னு பயம்க்கா என்று மூக்கை உறிஞ்சினாள். ஆளுக்கொரு காரணம், சத்தம் மட்டும் ஒன்று. நிஜமாக வந்ததோ இத்தனை வருஷத்தில் மூன்றே தடவை, அவர் வழி தவறி எங்கோ போனபோது, அப்போது பார்த்து இவளுக்குச் சத்தமே வரவில்லை, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள், என்னாச்சு, உடம்பு சரியில்லையா என்று பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

வந்துவிட்டது விளம்பரம். ‘ஹா...’ வீடு முழுக்கக் கேட்டது. இவள் காலரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

“தலைவலி நிஜமாப் போனவங்க இப்படிச் சத்தம் போட மாட்டாங்க. கடையில தினம் பாக்கறேனே. சூப்பராத் தெரியுதுன்னு உடனே சொல்றவங்கதான் அடுத்த வாரம் திரும்பி வருவாங்க. நிஜமாத் தெரிஞ்சவங்க வாயே திறக்காம உக்காந்திருப்பாங்க.”

தைலத்தைத்தான் சொல்கிறாரா... எத்தனை வருஷமாகத் தெரியும், தெரிந்தேதானா தினமும் தலையாட்டினார், அப்படியானால் நடித்தது யார், அந்த மூன்று தடவையும் தண்ணீர் கொண்டுவந்தது பதறியா, இல்லை சந்தோஷத்திலா? காலர் கருகுகிற வாசனை வந்தது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

“இப்ப சரியா இருக்கா?”

சூப்பர் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது, பழக்க தோஷம், சொல் வரவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் காத்திருந்தார்.

“இல்ல,” என்றாள், டிவியைத்தான் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.