மூன்று இருபது ரயில்

தண்டவாளங்களைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுப் பத்தொன்பது வருடமான பிறகும், வே கங்கை ஆற்றுப் பாலத்தில் தினமும் பிற்பகல் மூன்று இருபதுக்கு ரயில் போனது. கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கரிப்புகை வாசனையும் மட்டும்தான். பாலத்தில் நடப்பவர்கள் குடையை மடக்கி ஓரமாக ஒதுங்கி நின்று, போனதும் நடந்தார்கள்.

காரணம் கஹவெல ஊருக்கே தெரியும். அது ஒற்றைப் பாதை. டிரைவர் கையில் பித்தளை வளையம் இருந்தால்தான் ரயில் கிளம்பலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதைக் கொடுக்கும்வரை ரயில் இன்னும் வழியில் இருப்பதாகவே அர்த்தம். கடைசி ரயில் வந்த அன்று, பூமாலையும் பாற்சோறுமாக இருந்த அமளியில், வளையத்தை வாங்க மறந்தார் ஸ்டேஷன் மாஸ்டர் கீர்த்திசிங்க. டிரைவர் விமலதாச அதைத் தோளில் மாட்டியபடியே வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி ஹீன்மெனிக்கே அதன்மேல் சோற்றுப்பானையை இறக்கி வைத்தார். அடுத்த மாதமே விமலதாச இறந்தார். ஏழாம் நாள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்த மறுநாள் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. ஹீன்மெனிக்கேயின் வீட்டுக்கு நேராக வந்ததும் இரண்டு முறை சின்னதாகக் கூவும். தேத்தண்ணி ஊற்று என்று விமலதாச அந்தக் காலத்தில் கொடுத்த சைகை அது. ஹீன்மெனிக்கேயும் தினமும் ஊற்றி வைத்தார். தினமும் அது ஆறிப்போனது.

பாலம் உளுத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. அதே இடத்தில் புதுப் பாலம் கட்ட வந்தவர்கள் காலையில் கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் மூன்று இருபதுக்குத் தாமாகவே முறுக்கிக்கொண்டன. கீர்த்திசிங்க பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஹீன்மெனிக்கேயின் வீட்டுக்கு வந்தார்.

"மெனிக்கே, வளையத்தைத் தாங்க. பிழை என்னோடதுதான்."

"பத்தொன்பது வருசமா நித்திரை கொண்டுட்டு இப்பதான் எழும்பினீங்களா மாத்தயா? அன்னைக்குப் பாற்சோத்துலதானே கண்ணு!"

"பிள்ளைகள் நடக்கிற பாலம்."

"தெரியும். ஆனா குடுத்துட்டா, அந்த மனுசன் இனி இந்தப் பக்கமே வரமாட்டாரே."

ஹீன்மெனிக்கே ஓர் இரவு முழுக்க அழுதார். விடிந்ததும் வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். பிற்பகலில் பழக்கம் விடாமல் தேத்தண்ணியை ஊற்றிக் கருப்பட்டித் துண்டோடு வைத்துவிட்டு, மாஸ்டரோடு பாலத்தில் போய் நின்றார். ரயில் வந்தது. ஹீன்மெனிக்கே நீட்டிய வளையத்தைச் சூடான கை ஒன்று வாங்கி, மாஸ்டரின் தோளில் மாட்டியது. பிரேக் கிறீச்சிட்டது. பிறகு ஆற்றின் சத்தம் மட்டும்தான்.

ஹீன்மெனிக்கே திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். கோப்பை காலியாக இருந்தது. பிடியில் கரிவிரல் அடையாளம். பக்கத்தில் கடித்து வைத்த கருப்பட்டி. வேலை முடிந்த மனிதர் வேறு எங்கே போவார்!

இப்போது புதுப் பாலத்தில் பஸ் போகிறது. கடைக்காரர் கேட்காமலே ஹீன்மெனிக்கேவுக்கு இரண்டு பேருக்கான கருப்பட்டி கட்டிக் கொடுக்கிறார்.