நோயாளி வேஷம்

"நாடகத்துல நடிக்கிறீங்களா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டபோது நான் என் மனைவியின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடவில்லை. ஆஸ்பத்திரியில் சும்மா யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் கையெழுத்து கேட்பார்கள், இல்லையென்றால் படுக்கையைக் காலி பண்ணச் சொல்வார்கள். இந்த அம்மா இரண்டும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தே வயசானவன் நான். மேலே பளபளவென்று இருந்தால் அடியில் தட்டிப் பார்க்கிற புத்தி போகாது.

இனிக் குணமாகாது என்று ஆனவர்களுக்கு வலியை மட்டும் குறைத்து வைத்துக்கொள்கிற வார்டு அது. புதிதாக வருகிற டாக்டர்கள் அவர்களிடம் எப்படிப் பேசுவதென்று நடித்துப் பார்த்துப் பழகுகிறார்களாம். நோயாளியாகப் படுக்க ஒரு ஆள் வேண்டுமாம். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, இந்தப் பக்கம் படுக்கையில் கிடக்கிற என் மனைவியிடம் உண்மையைப் போட்டு உடைக்கப் போகிறார்கள். அவளுக்கு வந்திருப்பது வயிற்றுப் புண் என்றுதான் நான் சொல்லி வைத்திருந்தேன். "யாராவது வாயைத் திறந்தீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று வந்த அன்றே இதே டாக்டரம்மாவிடம் விரலை நீட்டியிருக்கிறேன்.

"போயிட்டு வாங்களேன். ஈ ஓட்டிக்கிட்டுதானே உக்காந்திருக்கீங்க" என்றாள் என் மனைவி. இவள் ஏன் என்னை விரட்டுகிறாள்?

கதவைத் திறந்து வைத்தால்தான் வருவேன் என்றேன். எதிர் அறைதான். அங்கே போட்டிருந்த கட்டிலில் படுத்தபடியே அவள் படுக்கை எனக்குத் தெரிந்தது. யாரும் அவளிடம் போகவில்லை. சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள். ஒரு சின்ன டாக்டர் பெண் என் புருஷனாக நடிக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு மீசை இருக்கிறது, புருஷனும் இருக்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவள் என் நெற்றியைத் துடைத்தாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள். "பயப்படாதே. உள்ள விரிசலுக்கெல்லாம் பட்டி பாத்து முடிச்சாச்சு. இனி கலர் அடிக்கிறதுதான் பாக்கி. அடுத்த மாசம் புதுசா நிப்ப."

அது நான் சொல்வது. தினம் என் மனைவியின் முகத்தைத் துடைக்கும்போது, அவள் காதுக்கு மட்டும் சொல்வது.

"படுத்திருக்கிறவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எழுந்து ஒரு அறை விடலாம்போல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்புறம் ஏன் விடலை?"

"பொய்யின்னு தெரியுது. தெரியும்னு சொன்னா இந்தப் புள்ள உடைஞ்சு போயிடும். அதான், கிடக்கட்டும்னு கிடந்தேன்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்ததென்று எனக்கே உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. "இந்தப் பேச்சை யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா திறந்த கதவைப் பார்த்தார்.

செருப்பைக்கூடப் போடாமல் போய் என் மனைவியின் முன்னால் நின்றேன். "எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"எனக்கு நடிக்க வராதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே" என்றாள். "பாத்தீங்களா?"

"என்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டீங்களா? வாயத் தொறந்தாலே கலர் டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுறீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏங்க, உங்ககிட்ட டாக்டர் என்ன சொன்னாங்களோ, அதை அப்படியே சொல்லுங்க. எனக்கும் உங்ககிட்ட சொல்ல நாலு விஷயம் இருக்கு."

பக்கத்துப் படுக்கைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார். கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்தேன். பாதியில் வளையம் சிக்கி நின்றது. அவள் படுத்தபடியே கையை நீட்டி, மறு நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.