அத்தை இரண்டு வீடுகளைத் தைத்த புதன்கிழமை

தெருவின் இரு பக்கமும் எதிரெதிராக நின்ற மஞ்சள் வீட்டையும் நீல வீட்டையும் அத்தை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, மூலைக்கு மூலை வெட்டி, மறுபடி இரண்டு வீடுகளாக விரித்துவைத்தது ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவில். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. மற்றபடி அந்தத் தெருவில் குறித்துச் சொல்லும்படி வேறு எதுவும் நடக்கவில்லை.

மஞ்சள் வீடு அத்தையின் அண்ணனுடையது. அவர் ஆணியும் கதவுக் கீலும் விற்கும் கடை வைத்திருந்தார். நீல வீடு அவள் தம்பியுடையது. அவர் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். இருவருக்கும் நடுவில் பிறந்த அவளை அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் அத்தை என்றார்கள், பிறகு தெருவே அத்தை என்றது. அவளுக்கு மூன்று முறை கல்யாணம் பேசினார்கள், மூன்று முறையும் அது பேச்சோடு நின்றது. இரண்டு வீடுகளையும் ஒரே கொத்தனாரை வைத்து ஒரே வருடத்தில் கட்டியவர் அவர்களுடைய அப்பா. இரண்டும் இருபத்தைந்தடிச் சதுரம். கண்ணாடியில் பார்த்ததுபோல் இங்கே சமையலறைக்கு நேரே அங்கே சமையலறை, இங்கே படுக்கையறைக்கு நேரே அங்கே படுக்கையறை. ஒன்றை மடித்தால் மற்றதன்மேல் மயிரிழை பிசகாமல் உட்காரும் என்று கொத்தனார் பெருமையாகச் சொன்னார், மடிக்கப்போகிறார்கள் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள். அப்பா கண்ணை மூடுவதற்கு முன் வீடுகளை ஆளுக்கொன்றாக மகன்களுக்கு எழுதினார். மகளை ஆறு ஆறு மாதமாக வீடுகளுக்கு எழுதினார்.

அதன்படி ஜனவரி முதல் தேதி அத்தை தன் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்து நீல வீட்டுக்குப் போவாள். ஜூலை முதல் தேதி அதே வண்டியில் மஞ்சள் வீட்டுக்குத் திரும்புவாள். தூரம் பதினெட்டு அடி. இப்படியே பதினோரு வருடம் போயிற்று. தையல் கடைகளில் மிச்சமாகும் துண்டுகளை வாங்கிச் சதுரமாக நறுக்கி ஒட்டுப் போர்வை தைப்பது அவள் தொழில். போர்வை முழுக்க இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்து சதுரமாகும், சதுரங்கள் சேர்ந்து காற்றாடியாகவோ நட்சத்திரமாகவோ ஆகும். நல்ல கை. போர்வை வாங்கியவர்கள் இரண்டாவது போர்வைக்கு வரவே மாட்டார்கள், முதல் போர்வை கிழிந்தால்தானே. அண்ணனும் தம்பியும் அவளை ஒரு குறை சொன்னதில்லை. சாப்பாட்டில் வஞ்சகம் கிடையாது. அவளுடைய தட்டு மட்டும் அலமாரியில் ஏறாமல், எப்போது வேண்டுமானாலும் கட்டியெடுக்கும்படி, மிஷின் மேலேயே இருக்கும்.

வில்லங்கம் நாட்காட்டியில் இருந்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை நூற்றெண்பத்து நான்கு நாள், ஜனவரி முதல் ஜூன் வரை நூற்றெண்பத்தொன்று என்பதை ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் அண்ணன் கண்டுபிடித்தார். வருடத்துக்கு மூன்று நாள், பதினோரு வருடத்துக்கு முப்பத்து மூன்று நாள் தான் அதிகமாக வைத்துக்கொண்டுவிட்டதாக அவர் தம்பிக்குச் சொல்லியனுப்பினார். அளவையில் ஊறிய தம்பி ஒரு வாரம் யோசித்து, இடையில் மூன்று முறை பிப்ரவரிக்கு இருபத்தொன்பது வந்திருக்கிறது, எனவே முப்பதுதான் என்று பதில் அனுப்பினார். அண்ணன் தன் கணக்குப்படி அதை ஈடுகட்ட, ஜனவரிக்கு முப்பத்து மூன்று நாள் முன்பே, நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி தங்கையையும் மிஷினையும் வாசலில் இறக்கினார். தம்பி தன் கணக்குப்படி டிசம்பர் இரண்டாம் தேதிதான் கதவைத் திறப்பதாக இருந்தார். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத மூன்று நாட்கள் விழுந்தன. யாரும் அவளை விரட்டவில்லை, அதை இரண்டு வீட்டுக்காரர்களும் பின்னாளில் எல்லோரிடமும் சொன்னார்கள்.

திங்களும் செவ்வாயும் அத்தை நடுத்தெருவில் மிஷினைப் போட்டுக் கையிலிருந்த போர்வையைத் தைத்தாள். சைக்கிள்கள் ஒதுங்கிப் போயின. ஒரு கணிதப் பிரச்சினையில் வெளியாட்கள் தலையிடக் கூடாது என்று தெரு நாகரிகமாக இருந்தது. இஸ்திரிக் கடைக்காரர் மட்டும், மனைவி மக்களோடு கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தவர், தன் மேசையைக் காலி செய்து கொடுத்தார்.

"எட்டடி மேசைம்மா. தாராளமாப் படுக்கலாம். என்ன, காலைல ஆறு மணிக்கு எனக்கு வேணும்," என்றார்.

அத்தை தலையாட்டினாள். அதுதான் அவளுக்கு வாழ்க்கையில் சொல்லப்பட்ட மிகக் குறுகிய தவணை. மேசை இதமாக இருந்தது. இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூன்று நாள் என்பது பெரிய விஷயமில்லை என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். அது பெரிய விஷயமில்லை என்பதுதான் உறுத்தியது.

புதன்கிழமை காலை இரண்டு வீட்டு ஜன்னல்களிலும் அண்ணனும் தம்பியும் நின்று பிப்ரவரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை டீயைக் குடித்து முடிக்கும் வரை எந்த முறை சரிப்படும் என்று யோசித்தாள். முதலில் முக்கோணமாக வெட்டிவிட்டுப் பிறகு தைப்பது ஒரு முறை, ஆனால் சாய்வாக வெட்டிய விளிம்பு கை பட்டாலே இழுபட்டு நீளும். இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாலு பக்கமும் தைத்து, பெருக்கல் குறி மாதிரி வெட்டினால் ஒரே மூச்சில் நாலு கிடைக்கும். ஆனால் நாலுக்கும் வெளி விளிம்பெல்லாம் சாய்வாகிவிடும், அப்படிப்பட்ட வீடு ஒரு மழைக்குத் தாங்காது. எட்டு எடுக்கும் முறையும் உண்டு, எட்டு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கடைசியில் அவள் எப்போதும் செய்கிற முறைக்கே வந்தாள்: நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளே பார்க்க வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, அப்புறம் கோட்டின்மேல் வெட்டுவது. தைத்த பிறகு வெட்டுவதால் எதுவும் இழுபடாது.

டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு அவள் நீல வீட்டின் பின்பக்க விளிம்பைப் பிடித்துத் தூக்கி, தெருவுக்குக் குறுக்கே புரட்டி, மஞ்சள் வீட்டின்மேல் போட்டாள். வீடுகள் நாம் நினைக்கிற அளவுக்குக் கனமில்லை, உள்ளே இருப்பவர்கள் வாதாடிக்கொண்டிருந்தால் இன்னும் இலேசாகிவிடும் என்று பிறகு கேட்டவர்களுக்குச் சொன்னாள். முகப்புகள் உள்ளே போய்விட்டதால் நீல வீட்டின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளி, காயப்போட்ட உள்ளாடைகள், ஒளித்துவைத்த காலிப் புட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. தெரு அதைப் பார்க்காததுபோல் பார்த்தது. சாக்கட்டியால் கோடு இழுத்தாள். பதினாறாம் நம்பர் ஊசி போட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊசியும், படிக்கட்டில் ஓர் ஊசியும் முறிந்தன. உள்ளே அண்ணனும் தம்பியும் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் வந்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். கத்தரிக்கோல் நடு நடுவே நின்று நின்று போயிற்று. வெட்டி முடித்து இரண்டையும் விரித்துப் போட்டதும், இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியில் கரி போட்டு எடுத்து வந்தார்.

"தையல் மடிப்பை எந்தப் பக்கம் சாய்க்கணும்?"

"கறுத்த நிறத்துப் பக்கம். நீலத்துக்குப் போட்டுருங்க. அப்பதான் வெளிய தெரியாது," என்றாள் அத்தை.

எல்லாம் முடிந்தபோது தெருவின் இரு பக்கமும் பழையபடி இரண்டு வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் பாதி மஞ்சள், பாதி நீலம். ஒன்றில் இரண்டு சமையலறைகள், மற்றதில் இரண்டு படுக்கையறைகள். கூடமும் குளியலறையும் இரண்டிலும் அரை அரையாக ஒட்டியிருந்தன. இரு குடும்பங்களும் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் போய்த் தூங்கவேண்டி வந்தது. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடக்கும் அண்ணனைப் பார்த்து முதல் வாரம் சிலர் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் மணி பார்க்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். அண்ணன் தம்பி மனைவிகளான ஓரகத்திகள் இருவரும் முதுகோடு முதுகு வைத்துப் பன்னிரண்டு நாள் பேசாமல் சமைத்தார்கள். பதிமூன்றாம் நாள் ஒருத்தி மற்றவளிடம் ஒரு பாத்திர மூடி கேட்டாள். தம்பி அளவு நாடா பிடித்துப் பார்த்து, வீடுகள் இரண்டும் பக்கத்துக்கு ஒரு சாண் குறைந்திருப்பதாகத் தன் அலுவலகத்துக்கே புகார் எழுதினார். தையலுக்குப் போன துணி போனதுதான் என்று இஸ்திரிக் கடைக்காரர் சொன்னதை அலுவலகம் மூன்று மாதம் கழித்து வேறு சொற்களில் சொல்லி, கோப்பை மூடியது.

மேசையில் படுத்து ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்த அத்தையிடம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தது அந்த மாதக் கடைசியில். சேர்ந்து வரும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. பேச்சைத் தம்பி தொடங்கினார்.

"அக்கா, பிரிச்சிரு. பழையபடி ஆக்கிரு."

"தையலைப் பிரிக்கலாம்டா. வெட்டுனதை என்ன பண்றது? பிரிச்சா வெறும் சாய்வு விளிம்பு. நாலு நாள்ல சுவர் இழுத்துக்கிட்டுப் போயிரும்," என்றாள் அத்தை.

அண்ணன் கோபமாகத்தான் வந்திருந்தார். ஆனால் மேசைக்கடியில் மிஷினும், மிஷின்மேல் தட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டார். அந்தத் தட்டு எப்போதும் மிஷின் மேலேயேதான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சரி, வந்து வீட்டுல இரும்மா. இனிமே நாள் கணக்கெல்லாம் வேண்டாம்."

"எந்த வீட்டுல அண்ணே?"

என் வீட்டில் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் முதல் முறையாக அவருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. இத்தனை காலமும் தங்கைக்கு அது தெரியாமல்தானே இருந்தது என்று அவர் நினைத்தாரா என்று சொல்ல முடியாது. கடைக்குத் திரும்பிப்போய் அன்று கீல் கேட்டவருக்கு ஆணியைக் கொடுத்தார் என்பது மட்டும் உறுதி.

தம்பி போகாமல் நின்றார். அலுவலகப் படங்களில் ஒரு பிழை இருப்பது அவருக்கு ஒன்பது வருடமாகத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. இஸ்திரிக் கடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. வடக்கே அளந்தவர் அதைத் தெற்குக்கு விட்டார், தெற்கே அளந்தவர் வடக்குக்கு விட்டார்.

"அந்த இடம் எந்தப் படத்துலயும் இல்லக்கா. அதாவது, யாரும் கேக்க முடியாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல் வேகமாகப் போனார்.

இரண்டு நிறச் சதுரத்தை விரித்தால் தையல் முடிகிற இரு மூலைகளிலும் சின்ன முக்கோணமாகத் துணி நீட்டிக்கொண்டிருக்கும். அத்தை அதைக் காது என்பாள். வீடுகளை விரித்த அன்று அவள் நாலு காதுகளையும் நறுக்கி, ஓரங்களையும் நேராக்கி, விழுந்ததையெல்லாம் இஸ்திரி மேசைக்கடியில் சுருட்டிவைத்திருந்தாள். அவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சாண் அகல மஞ்சள் சுவர், ஒரு சாண் அகல நீலச் சுவர், கொஞ்சம் கூரை, ஒரு ஜன்னலின் மூன்றில் ஒரு பங்கு, வாசற்படியின் நுனி. ஜனவரி முழுவதும் அவற்றைப் பட்டை பட்டையாக இணைத்துத் தைத்து, பிப்ரவரியில் அந்த நிலத்தில் விரித்து நிறுத்தினாள். ஒரே அறை. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் மிஷின், மூலையில் அடுப்பு. ஓரகத்திகள் இருவரும் வந்து பார்த்தார்கள். மூத்தவள் சுவரில் தன் வீட்டு மஞ்சளை அடையாளம் கண்டு தடவிப் பார்த்து, "இங்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். இளையவள் ஓர் அலமாரிப் பலகை கொண்டுவந்திருந்தாள், நாத்தனார் தட்டு வைக்க வேண்டுமே என்று.

வீட்டு வரிக்காரர் வந்து, படத்தில் இல்லாத இடத்துக்கு ரசீது போட வழியில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மார்ச் மாதம் பூட்டுக்காரர் வந்தார். கதவு எட்டுப் பட்டைகளால் ஆனது, பட்டைக்குப் பட்டை மரம் வேறு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, துளை போட ஏற்ற பட்டை எது என்று மட்டும் தட்டிப் பார்த்தார். பூட்டைப் பொருத்திவிட்டு, சாவி எத்தனை வேண்டும், எல்லோரும் மூன்று போடுவார்கள், வீட்டில் ஆள் அதிகமென்றால் நாலு என்றார்.

"ஒண்ணு போதும்," என்றாள் அத்தை.

பூட்டுக்காரர் போன பிறகு அவள் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. தெருமுனை வரை நடந்துபோய், அங்கே சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். திறந்தாள்.