சமையலறைக்கு நடுவே ஒரு மேடை

மீன் பொட்டிகளைக் கருணாகரன் மூன்று தடவை கழுவியிருந்தார். சோப்புத்தூள் போட்டு ஒரு தடவை, ஃபினாயில் ஊற்றி ஒரு தடவை, வாசனைக்காக மகளின் ஷாம்பூவைக் கொட்டி ஒரு தடவை. என்ன செய்து என்ன, மீன் பொட்டி மீன் பொட்டிதானே! ஆனாலும் மனுஷனுக்கு முகமெல்லாம் பெருமை. திருவொற்றியூரில் புதிதாகக் கட்டிய வீட்டின் சமையலறை நடுவில் அவற்றை அடுக்கி, மேலே ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அளந்து பார்த்தார். ஐந்தடி நீளம், மூன்றடி உயரம்.

“இன்னாமே வினிதா, கரீட்டா கீதா? அந்தத் தம்பி சொன்ன அளவு.”

“இருக்குது நைனா.”

தம்பி என்றது மாடுலர் கிச்சன் போடும் செங்குட்டுவனை. நடுவில் ‘ஐலேண்டு’ என்கிற தனி மேடை வேண்டும் என்று வினிதா கேட்டதும் அவன் உடனே தலையாட்டிவிடவில்லை. எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவராது, அதே அளவுக்கு எதையாவது வைத்து நாலு நாள் புழங்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கருணாகரன் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த ‘எதையாவது’ காசிமேட்டுத் துறைமுகத்தில்தான் இருந்தது. ஆட்டோக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவந்தார்.

தோழி ரேச்சல் வீட்டில் ஐலேண்டைச் சுற்றி நின்று டீ குடித்தது நன்றாக இருந்தது என்பது வினிதா ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளே கிடந்தது வேறு. மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் வரும் அம்மா பச்சையம்மா, இங்கே சமையலறை நடுவில் அதே இடத்தில்தான் கோணியை விரித்து உட்காருவாள். புடவையை முட்டிவரை ஏற்றி, அருவாமனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மிஞ்சிய மீனை ஆய்வாள். அடுத்த மாதம், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ரஞ்சித்தின் அம்மா வீடு பார்க்க வருகிறாள். அம்மா உட்கார அங்கே இடமே இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று வினிதா நினைத்தாள். சீ, பெற்றவளைப் பற்றி இப்படி ஒரு நினைப்பா என்று அவளுக்கே தோன்றத்தான் செய்தது. அதற்காக நினைப்பு நின்றுவிடவில்லை.

“இனிமே கீழ உக்காராதம்மா. எல்லாமே இது மேலதான் வெட்டணும்” என்றாள்.

“சரிமே” என்றாள் பச்சையம்மா.

சனிக்கிழமை மத்தியானம் செங்குட்டுவன் வந்தான். வினிதா அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். பலகையின் மேல் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறியிருக்கிறாள். கோணி, அருவாமனை, ஒரு தட்டு சங்கரா மீன், எல்லாமே மேலே. முட்டிவரை ஏறிய புடவை செங்குட்டுவனின் மூக்குக்கு நேரே இருந்தது.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரித்தது வினிதாதான், அதுவும் வாய்விட்டு. சிரித்துக்கொண்டே, “எங்கம்மாக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்” என்று, ஆபீசில் பேசும் தமிழில் சொன்னாள்.

பச்சையம்மாவும் கூடச் சிரித்தாள். சிரித்தபடியே புறங்கையால் புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.

“நீதானே மேல வெச்சி வெட்டச் சொன்ன? நின்னுகினு வெட்டினா கால வெச்சி அமுக்க முடியலடி.” பிறகு செங்குட்டுவனைப் பார்த்தாள். “நீ போட்டுடு நைனா. மாப்ள வூட்டாளுங்க வரசொல்லோ நான் கீழ குந்திகினு இருந்தா பொண்ணுக்கு பேஜாரா இருக்கும்ல.”

வினிதாவுக்குக் காது மடல் எரிந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரேச்சலிடம்கூட இல்லை. வாய் திறந்து சொல்லாததை இவள் எத்தனை நாளாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்? தெரிந்தும் சரிமே என்றாளே! அம்மா இப்படிச் சிரித்ததற்குப் பதில் தன்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

“அப்ப ஃபைனல் பண்ணிடலாமா மேடம்?” செங்குட்டுவன் போனில் கல் நிறங்களைக் காட்டினான். வினிதாவுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பச்சையம்மா இறங்கப் பார்த்தாள். வாளி உருண்டு ஓரமாகப் போயிருந்தது. அவளுடைய வலது கால் காற்றில் தரையைத் தேடியது.

வினிதா ஓடிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். “புடிச்சிக்கம்மா.”

“இருமே, கையெல்லாம் செதிலு. உன் சொக்கா பாழாயிடும்.”

“பரவால்லம்மா. புடி.”

பச்சையம்மா பிடிக்கவில்லை. ஒரு கால் அந்தரத்தில் தொங்க, முந்தானையில் சுத்தமான ஓரமாகத் தேடித் தேடி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.